எம்.சி. பள்ளத்தின் அம்மா

வா, உள்ள வா. செருப்பு வெளியவே இருக்கட்டும். பேரு என்ன சொன்னாரு வாட்ச்மேன், மல்லிகாவா? உட்காரு மல்லிகா. சோபா வேணாம், நேத்துதான் கழுவிக் காயப்போட்டிருக்கு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ. எங்க வீட்டுல வித்தியாசமே பாக்கமாட்டோம். முன்ன வேலைக்கு இருந்தவளைக் கேட்டா அவளே சொல்லுவா. கேக்கத்தான் முடியாது, அவ போனையே எடுக்கிறதில்ல.

அவ ஏன் நின்னுட்டான்னுதானே கேட்ட? கேக்க வேண்டியதுதான். விசாரிக்காம ஒரு வீட்டுல சேரக் கூடாது. கீழ வாட்ச்மேன் ஒண்ணு சொல்லியிருப்பாரு, மாடி வீட்டு சாரதா ஒண்ணு சொல்லுவாங்க. நடந்தது என்னன்னு எனக்குத்தான் தெரியும்.

பவுனுன்னு பேரு அவளுக்கு. என் பையன் நித்திலன் அஞ்சாவது படிக்கறப்ப வந்து சேர்ந்தா. ஸ்கூல் விட்டு வந்ததும் அவன் நேரா கிச்சனுக்குத்தான் போவான். மேடை மேல ஏறி உட்கார்ந்துக்குவான். அவ பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே அவ வீட்டுக் கதையைச் சொல்லுவா. ஆத்தோரத்துல குடிசை போட்டிருந்த கதை, மழைக்குத் தண்ணி உள்ள வந்த கதை, அப்புறம் இங்க வேலைக்கு வந்த பிறகு எல்லாத்தையும் இடிச்சு, இவங்களை ஊருக்கு வெளிய அடுக்குமாடியில கொண்டுபோய்ப் போட்ட கதை. டிவி பாக்கறதுக்கு இது தேவலைன்னு நானும் விட்டுட்டேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன்னு இப்பத் தோணுது.

பையன் இன்ஜினியரிங் முடிச்சான். வேலையும் கிடைச்சுது, போகல. ஒருநாள் எங்க ரெண்டு பேரையும் இதே சோபாவுல உட்கார வச்சு, "நான் ராப் பண்ணப் போறேன்"னான். எங்க வீட்டுக்காரர் பேங்க்ல சீஃப் மேனேஜர், நிதானமான மனுஷன். "பார்சல் கட்டுற வேலையா?"ன்னு கேட்டார். பாட்டாம். வேக வேகமாப் பேசுற மாதிரி ஒரு பாட்டு. பேரையும் மாத்திக்கிட்டான். எம்.சி. பள்ளம். "எம்.சி.ன்னா என்னடா, முனிசிபல் கார்ப்பரேஷனா?"ன்னு அவர் கேட்டார். நியாயமான கேள்விதானே? மைக் பிடிச்சுப் பாடுறவனுக்கு எம்.சி.ன்னு பேராம். அடிமட்டத்துலேர்ந்து வந்தவன்னு காட்டறதுக்குப் பள்ளமாம். அண்ணா நகர்ல மூணாவது மாடியில இருக்கோம். லிஃப்ட் இருக்கு. இவன் எந்தப் பள்ளத்துலேர்ந்து வந்தான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

வருஷா வருஷம் பொங்கல் முடிஞ்சு ஒரு விழா நடக்கும், ஈ.சி.ஆர். பக்கம் பெரிய மைதானத்துல. தெருச்சத்தம்னு பேரு. நாள் பூரா ராப், ஆட்டம், அப்புறம் தெருவுல போடுற துணிமணியெல்லாம் கடை போட்டு விப்பாங்க. போன வருஷம் இவனுக்கு அதுல பாடச் சான்ஸ் கிடைச்சுது. "நீங்க வரணும்மா"ன்னு அவன் கூப்பிடல. நாங்களாத்தான் டிக்கெட் எடுத்துப் போனோம். பெத்தவங்க இல்லையா?

அந்தத் துணிக்கடையை நீ பாக்கணும். கிழிஞ்ச பேன்ட்டுக்குத் தனி விலை, கிழியாத பேன்ட்டுக்குத் தனி விலை. கிழிஞ்சதுதான் ஜாஸ்தி. லுங்கித் துணியில கோட்டு. மார்க்கெட்டுக்குக் கொண்டு போற வயர் கூடை இருக்கு பாரு, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு லைட் போட்டிருக்கான். சாயங்காலம் ஃபேஷன் ஷோன்னு பொண்ணுங்க நடந்து காட்டினாங்க. நைட்டி, மேல ஒரு துண்டு, இடுப்புல பிளாஸ்டிக் குடம். நைட்டிக்கு மேல துண்டு போட்டுக்கிட்டு பவுனு கீழ பால் வாங்கப் போனதுக்கு, நான்தான் அசோசியேஷன் சார்பா அவளைக் கூப்பிட்டுக் கண்டிச்சேன். அதே வேஷத்துக்கு அங்க எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டறாங்க. நானும் தட்டினேன். சுத்தி எல்லாரும் தட்டும்போது நாம மட்டும் சும்மா இருந்தா என்ன நினைப்பாங்க.

அப்புறம் நித்திலன் வந்தான். முட்டி வரைக்கும் தொங்குற சட்டை. பாட ஆரம்பிச்சான்.

"ஆத்தோரம் எங்க ஊரு, அதை இடிச்சுப் போட்டது யாரு?
அப்பன் குடிச்சுச் செத்த அன்னிக்கும் வேலைக்குப் போனது யாரு?
நாலு வீட்டுச் சோப்பு தின்ன என் ஆத்தா கையைப் பாரு."

கூட்டம் பூரா கையைத் தூக்கி "கையைப் பாரு, கையைப் பாரு"ன்னு கத்துது. நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சேனாம் நான். என் வீட்டுப் பாத்திரத்தையே நான் தேய்ச்சதில்ல மல்லிகா. இவர் எனக்குப் பக்கத்துல உட்கார்ந்து பாதாம் பால் குடிச்சுக்கிட்டிருக்கார். இவர் குடிச்சுச் செத்துட்டாராம். கப்பைக் கீழ வச்சுட்டு என் காதுகிட்ட வந்து, "எனக்குத் திதி என்னிக்குன்னு அவன்கிட்டயே கேட்டுச் சொல்லு"ன்னார்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "டேய், நீ சின்ன வயசுல பசியில கிடந்தியா? உனக்கு ஊட்ட முடியாம பின்னாடி ஓடி ஓடித்தானேடா எனக்கு முட்டி தேய்ஞ்சுது?"ன்னேன். "அம்மா, அது நான் இல்ல, பாட்டுல வர்ற ஆளு. ரியலா இருக்கணும்மா"ன்னான். ரியல்னா என்னடான்னா, உண்மையாம். நம்ம வீட்டுல நடந்தது உண்மை இல்லையாடான்னா, "நம்ம வீட்டுல என்னம்மா நடந்துது?"ன்னு கேட்டான்.

ஆனா பாட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. லட்சக்கணக்குல பாத்தாங்களாம். சாரதா வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சுகந்தி, நீங்க இவ்வளவு அனுபவிச்சிருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியாதே, முகத்துல காட்டிக்கவே இல்லையே"ன்னாங்க. இல்லைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். அவங்க கண்ணுல தண்ணி. சொல்ல மனசு வரல. பதினெட்டு வருஷமா ஒரே பில்டிங், லிஃப்ட்ல பாத்தா மொபைலைப் பாத்துக்கிற பொம்பளை. அன்னிக்குத்தான் என்னை முதல் தடவையா ஒரு மனுஷியா மதிச்சுப் பேசினாங்க.

பிறகு ஒரு யூடியூப் சேனல்லேர்ந்து வந்தாங்க. பள்ளத்தோட அம்மாவை அவங்க வீட்டுலயே வச்சு பேட்டி எடுக்கணுமாம். நித்திலன் இந்த ஹாலைச் சுத்திப் பாத்தான். சரவிளக்கு, ஏ.சி., சோபா. "இங்க முடியாதும்மா"ன்னான். அப்புறம் யோசிச்சு, "பவுனு அக்கா வீட்டுல எடுத்துடலாமா?"ன்னான்.

பவுனு உடனே சரின்னுட்டா. அதைச் சொல்லணும். நல்லவதான், கடைசியிலதான் புத்தி மாறிடுச்சு. போய்ப் பாத்தா, வீட்டுக்குப் புதுசா சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கா. பூப்போட்ட ஸ்கிரீன் வாங்கிப் போட்டிருக்கா. கேமரா வருதுன்னு சொன்னோமில்ல? ஸ்கிரீனைக் கழட்டச் சொன்னேன். அவ வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்கு மல்லிகா. பெரிய டிவி இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதையெல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாப் போச்சு. சுவர் ரொம்பப் பளிச்சுன்னு இருக்குன்னு கேமராமேன் அலுத்துக்கிட்டார். அவ ரெண்டு பொண்ணுங்களோட காலேஜ் போட்டோ மாட்டியிருந்தா, அதையும் எடுத்துட்டோம். அவளோட பழைய சேலை ஒண்ணைக் கட்டிக்கிட்டேன். இரவல்னு சொல்ல முடியாது, ஒரு தீபாவளிக்கு நான் குடுத்ததுதான். பவுனு வெளிய வராண்டாவுல நின்னுக்கிட்டா. உள்ள நின்னா நிழல் விழுதுன்னு கேமராமேன் சொன்னார்.

பேட்டி எடுத்த பொண்ணு, "உங்க வாழ்க்கையிலயே ரொம்பக் கஷ்டமான நாள் எது?"ன்னு கேட்டா. நான் பவுனு சொன்னதைத்தான் சொன்னேன். வேற எது எனக்குத் தெரியும்? வீட்டை இடிச்சதும் ரோட்டோரம் தார்ப்பாய் கட்டிக்கிட்டுக் கிடந்தோம், மழை, வீட்டுக்காரருக்கு ஜுரம் வந்து பெரியாஸ்பத்திரியில சேர்த்தோம். அன்னிக்கு ரொம்ப முடியாமப் போச்சு. வேலை செய்யற வீட்டுல லீவு கேட்டேன். அந்த அம்மா, "மத்தியானம் வரைக்கும் வந்துட்டுப் போயேன், வீட்டுல விசேஷம்"னாங்க. போனேன். பாத்திரமெல்லாம் தேய்ச்சுப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள அவர் போயிட்டார். இதைச் சொல்லும்போது நடிப்பு இல்ல, நிஜமாவே அழுதேன்.

"எப்படிப்பட்ட கல்நெஞ்சம் அந்த வீட்டம்மாவுக்கு?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டா. நான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "விடும்மா, அவங்களுக்கு என்ன நிர்ப்பந்தமோ. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்"னேன். அதுக்கு வந்த பாராட்டை நீ பாக்கணுமே. பெரிய மனசு, தெய்வத்தாய், என்னென்னவோ எழுதியிருந்தாங்க.

என்ன அப்படிப் பாக்கிற? ஆமா, அது இந்த வீடுதான். அன்னிக்கு எங்களுக்கு இருபத்தஞ்சாவது கல்யாண நாள், அறுபது பேருக்குச் சாப்பாடு. நான் தனியா என்ன பண்ணுவேன்? ஆஸ்பத்திரியில டாக்டர், நர்ஸ் எல்லாம் இருக்காங்க, இவ போய் நின்னு என்ன ஆகப் போகுதுன்னு நினைச்சேன். சாப்பாடெல்லாம் கட்டிக் குடுத்துத்தான் அனுப்பினேன். பாயசம்கூடக் குடுத்தேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். இந்த வருஷத் தெருச்சத்தத்துல அம்மாவுக்கு மரியாதைன்னு ஒரு நிகழ்ச்சி. என்னை மேடைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. மேடை ஏறப் போறோமேன்னு முந்தின நாள் பார்லர் போய் முகம், கை, கால் எல்லாம் பண்ணிக்கிட்டேன். மோதிரம், வளையல் கழட்டிட்டேன், அந்த அறிவு எனக்கு இருந்துச்சு. பழைய சேலையைக் கட்டிக்கிட்டேன். நிகழ்ச்சி முடிஞ்சு நேரா ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போகணும். பட்டுப்புடவையும் நகையும் ஒரு பையில இருக்கு. அதை யார் வச்சுக்கிட்டு நிக்கிறது? அதனால பவுனுவைக் கூட்டிட்டுப் போனேன். அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கட்டுமேன்னுதான்.

வாசல்லயே அவளைக் காணோம். பாத்தா, நடந்து காட்டற பொண்ணுங்களோட சேர்ந்தவன்னு நினைச்சு மேக்கப் ரூமுக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு பஸ் மாறி அண்ணா நகர் வந்து, இங்க வேலையை முடிச்சுட்டு, எங்க கூட அவ்வளவு தூரம் வந்திருக்கா. அங்க ஒரு பொண்ணு, "ஆன்ட்டி, முகத்துல டயர்ட் லுக் பத்தலை"ன்னு கண்ணுக்குக் கீழ மை தடவி விட்டிருக்கா. அதோட வந்து மேடை ஓரமாப் பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. எனக்கு ஒரே சிரிப்பு.

நித்திலன் பாடினான். நான் மேடையில நடுவுல நிக்கிறேன். கூட்டம் எவ்வளவுன்னு சொல்ல முடியாது, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தலை. "கையைப் பாரு" வந்ததும், தொகுத்து வழங்கற பையன் என் கையைப் பிடிச்சு மேல தூக்கிட்டான். கேமராக்காரன் கிட்டக்க வந்துட்டான். பின்னாடி பெரிய ஸ்கிரீன், ரெண்டு மாடி உயரம். அதுல பூரா என் உள்ளங்கை.

நல்லாத்தான் இருந்துச்சு மல்லிகா, தாமரைப் பூ மாதிரி இருந்துச்சு. அதுதான் வினை. நகமெல்லாம் ரோஸ் கலர்ல மினுமினுன்னு இருக்கு. கத்திக்கிட்டிருந்த கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா அடங்குது. முன்னாடி நின்ன ஒரு பொண்ணு, "என்ன கிரீம் ஆன்ட்டி?"ன்னு கேட்டா. ஒருத்தர் சிரிச்சாங்க. அப்புறம் நிறையப் பேர் சிரிச்சாங்க.

நித்திலன் முகத்தைப் பாத்தேன். சின்ன வயசுல பூ ஜாடியை உடைச்சுட்டு நிப்பானே, அதே முகம். பாவமா இருந்துச்சு எனக்கு. பரவாயில்லடா கண்ணான்னு சொல்ல நினைச்சேன். அதுக்குள்ள அவன் மைக்கை வாய்கிட்ட கொண்டுபோய், "இவங்க என் ஆத்தா இல்ல"ன்னான்.

அப்படியே ஓரமாப் போய் பவுனுவை இழுத்துட்டு வந்தான். "இதுதான் என் ஆத்தா. இவங்க யார் தெரியுமா? ஆத்தா வேலை பாத்த வீட்டோட முதலாளியம்மா. எங்கப்பா செத்த அன்னிக்கு லீவு குடுக்காதவங்க. அவங்களை இந்த மேடையில உங்க முன்னாடி நிறுத்தணும்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

கூட்டம் "ஊ"ன்னு கத்த ஆரம்பிச்சுது. என்னைப் பாத்துத்தான். நான் பெத்த பிள்ளை, கத்துங்க கத்துங்கன்னு கையைக் காட்டறான். பத்து மாசம் சுமந்தவளை யாரோ முதலாளியம்மான்னு சொன்னான் பாரு. அவனைப் பாத்துக்கிட்டே நின்னேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்ல. சில நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சத்தம் இப்பவும் காதுல வருது.

அப்புறம் பவுனு கையை ஸ்கிரீன்ல காட்டினாங்க. அதைப் பத்தி நான் என்ன சொல்றது, வேலை செய்யற கைன்னா அப்படித்தான் இருக்கும். விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுப் போயிருந்துச்சு. என் வீட்டுச் சோப்பு நல்ல சோப்புதான், மத்த வீட்டுல என்ன போட்டாங்களோ. தொகுப்பாளப் பையன் மைக்கை அவகிட்ட நீட்டி, "அம்மா, ஏதாவது பேசுங்க"ன்னான்.

அவ மைக்கை வாங்கிக்கிட்டா. அப்புறம் சொன்னா. "எனக்கு ஆம்பளைப் புள்ள இல்லப்பா. ரெண்டும் பொண்ணுங்க. இந்தத் தம்பி அவங்க பெத்த புள்ளதான். அவங்கதான் படிக்க வச்சாங்க." நித்திலன் பக்கம் திரும்பினா. "தம்பி, அந்தப் பாட்டுல எங்க வூட்டுக்காரரு குடிச்சுச் செத்தாருன்னு வருது. அவரு குடிக்க மாட்டாரு தம்பி. ஜுரத்துல செத்தாரு. உன்கிட்ட சொல்லியிருக்கேன் இல்ல? ஊரெல்லாம் பாடுது, என் பொண்ணுங்களும் கேக்குது. அதை மட்டும் மாத்திப் பாடு."

அவ்வளவுதான். மைக்கைக் குடுத்துட்டு என்கிட்ட வந்து, "நகையெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்கம்மா"ன்னு பையை என் கையில குடுத்தா. படி இறங்கிப் போயிட்டா. திறந்து பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதுல நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

கூட்டம் எழுந்து நின்னு கைதட்டுச்சு. இதையும் நிகழ்ச்சியில சேர்த்தின்னு நினைச்சுட்டாங்க. இந்த வருஷம் பூரா விழாவுலயும் அதுதான் பெரிய வெற்றியாம். எழுதின வசனம் மாதிரியே இல்ல, அவ்வளவு ரியல்னு பேப்பர்லகூடப் போட்டாங்க.

நித்திலன் வீட்டுக்கு வந்து என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். "ஷோ போயிடும்னு பயத்துல வாயில வந்துடுச்சும்மா"ன்னான். பிள்ளைகிட்ட எத்தனை நாளைக்குக் கோவமா இருக்க முடியும்? மன்னிச்சுட்டேன். இவர்தான் அன்னிலேர்ந்து சரியாப் பேசறதில்ல. தட்டைத் தானே கழுவி வச்சுக்கிறார். பாட்டை மாத்தினானான்னு கேக்கிறியா? மாத்திப் பாத்தான். "ஜுரத்துல செத்த"ங்கிறது தாளத்துல உட்காரலையாம். பழைய மாதிரியேதான் பாடறான்.

ஆனா பவுனு மறுநாள் வரல. அதுக்கு மறுநாளும் வரல. அவ பெரிய பொண்ணுதான் ஒரு தடவை போனை எடுத்துச்சு. "அம்மா இனிமே வரமாட்டாங்க ஆன்ட்டி"ன்னு மரியாதையாத்தான் சொல்லுச்சு. என்ன கோவம்னு சொல்லல. நீயே சொல்லு, அவளை நாங்க என்ன பண்ணிட்டோம்? மேடையில ஏத்தினோம், அவ்வளவு பேர் முன்னாடி ஆத்தான்னு கூப்பிட்டான். என்னைக் கூப்பிடல, அவளைத்தான் கூப்பிட்டான். கோவப்பட வேண்டியவ நான்.

அவ போனதிலேர்ந்து பையனுக்கு ஒரு வரி வரமாட்டேங்குது. அடுத்த தெருச்சத்தத்துக்குப் புதுப் பாட்டு வேணும்னு நெருக்கறாங்க. நேத்து என்னைப் பத்தியே ஏதாவது எழுதுடான்னேன். நாலு வரி எழுதினான். குக்கர் விசில், வாக்கிங், முட்டி வலி. அவனே கிழிச்சுப் போட்டுட்டான்.

அதனாலதான் இந்தத் தடவை ஆளைப் பாத்துச் சேர்க்கணும்னு இருக்கேன். வேலை பெருசா ஒண்ணுமில்ல. உன்னைப் பத்திச் சொல்லு. எங்க இருக்க? வில்லிவாக்கமா. வாடகையா? சொந்த வீடா, அப்படியா. இடிக்கிறேன்னு யாரும் வரலையா? பட்டா இருக்கா. சரி. உன் வீட்டுக்காரர் என்ன பண்றார், மெட்ரோவிலயா? குடிப்பாரா? சும்மா சொல்லு, நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? குடிக்க மாட்டாரா. அடிக்கவும் மாட்டாரா. பிள்ளைங்க? ஓ, நர்சிங் படிக்கிறாளா. பீஸ் கட்ட ரொம்பத் திண்டாடியிருப்பியே. ஸ்காலர்ஷிப்பா.

சின்ன வயசுல ஏதாவது? வெள்ளம், தீ விபத்து, அந்த மாதிரி? நல்லா யோசிச்சுப் பாரு.

ஒண்ணுமே இல்லையா.

தப்பா எடுத்துக்காத மல்லிகா. உன்னைப் பாத்தா சுத்தமான ஆளாத் தெரியுது, வேலையும் நல்லாத்தான் செய்வ. ஆனா எங்களுக்கு ஒத்து வராது போல. உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அனுப்பி வை. கொஞ்சம் கஷ்டப்பட்டவங்களா இருக்கட்டும். வேலை சுமாரா இருந்தாக்கூடப் பரவாயில்ல.